பீடி சுற்றாதவர் என்று நான் குறித்தவர்கள்

எனக்குப் பின்னால் புள்ளியியல் வேலைக்கு வந்து இப்போது கல்லூரிகளில் பாடம் நடத்தும் இரண்டு பேர் சென்ற மாதம் வீடு தேடி வந்தார்கள். கையில் பழப்பொட்டலமும் வாயில் ஒரு கோரிக்கையும் இருந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மேலப்பாளையத்தில் பீடி சுற்றும் பெண்களின் இருமலைப் பற்றி நான் செய்த ஆய்வை, மாணவர்களுக்கு விளங்கும்படி ஒரு கட்டுரையாக எழுதித் தர வேண்டுமாம். வீடு வீடாகக் கொத்துக் கொத்தாக வரும் தரவை ஒழுங்கான முறையில் கையாண்டதற்கு எங்கள் பக்கத்தில் அதுதான் முதல் எடுத்துக்காட்டாம். "ஒங்க முறையத்தான் சார் இன்னைக்கும் கிளாஸ்ல சொல்லுதோம்" என்றார் ஒருவர்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இதுதான் அந்தக் கட்டுரை. மாணவர்களிடம் கொடுப்பதும் குப்பையில் போடுவதும் அவர்கள் பாடு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த அறிக்கையின் முடிவு தவறு. கணக்கில் ஓர் இடத்திலும் பிசகில்லை. சமன்பாடு சரி, நிரல் சரி. ஆனால் முடிவு தவறு, அதற்குக் காரணம் நான். அதனால் ஓர் ஊருக்கு வந்திருக்க வேண்டிய நெஞ்சுநோய் மருத்துவமனை வராமல் போயிற்று.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பாளையங்கோட்டையில் கணிதம், வெளியூரில் புள்ளியியல், பிறகு விளைச்சல் மதிப்பீட்டு வேலை. அறுப்புக் காலத்தில் தாமிரபரணிப் பாசன வயல்களில் கயிறு பிடித்துச் சிறு பாத்தி அளந்து, அதை மட்டும் தனியாக அறுத்து, நெல்லை நிறுத்து எழுத வேண்டும். எந்த வயலில் எந்த இடம் என்பதைச் சீட்டில் விழும் எண்தான் தீர்மானிக்க வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் ஒரு நிலக்காரர் எனக்கு மோர் கொடுத்து, நயமாகப் பேசி, தண்ணீர் ஏறாத ஒரு மூலைக்கு என்னை நடத்திக்கொண்டு போய் அங்கே கயிறு கட்ட வைத்துவிட்டார். விளைச்சல் குறைவு என்று எழுதினால் அவருக்கு லாபம். மேலதிகாரி மறுநாளே கண்டுபிடித்துவிட்டார். பத்துப் பேர் முன்னிலையில் என் மானம் சந்தி சிரித்தது. யார் வாயால் சொல்வதையும் நம்பக் கூடாது, எழுத்தில் இருப்பதைத்தான் எடுக்க வேண்டும் என்ற வைராக்கியம் எனக்கு வந்தது அப்போதுதான். அந்த வைராக்கியத்தைப் பெரிய தகுதியாக நினைத்துக்கொண்டு இருபது வருடம் வேலை பார்த்தேன்.

பிறகு தச்சநல்லூரில் ஒரு வாடகைக் கட்டடத்தில் இயங்கிய சிறிய மருத்துவ ஆய்வு நிலையத்தில் சேர்ந்தேன். அது இப்போது இல்லை. அதன் இயக்குநர் டாக்டர் பிறவிப்பெருமாள். நெடுநெடுவென்று இருப்பார். நாற்காலி எதற்கு என்று கேட்கிற ஆள். எதையும் நின்றுகொண்டேதான் படிப்பார். கையில் எப்போதும் பச்சைப் பென்சில். அறிக்கையில் 'மிகவும்', 'கணிசமாக' என்றெல்லாம் வந்தால் அந்தச் சொல்லைச் சத்தமே இல்லாமல் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். வீடுகளிலிருந்து வரும் படிவக் கட்டிலிருந்து ஒன்றை உருவி எடுப்பார். அதில் அடித்துத் திருத்தின இடம் ஒன்று இருந்தால் போதும், அந்தப் படிவத்தை நிரப்பியவர் அதே வெயிலில் திரும்பப் போய் அந்த வீட்டில் முதலிலிருந்து கேட்டு வர வேண்டும். "அடிச்சு எழுதுனதை நான் நம்ப மாட்டேன் வே" என்பார். அவரிடம் எனக்குப் பயம் இருந்தது. பெருமையும் இருந்தது.

அவரிடம்தான் அந்த வேலை வந்தது. பீடி சுற்றும் பெண்கள் ஓயாமல் இருமுகிறார்கள், ஊருக்குள்ளேயே நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுக்கும் வசதியோடு ஒரு மருத்துவமனை வேண்டும் என்று நெடுநாளாகக் கோரிக்கை. இருக்கிற மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் பஸ் ஏறி இறங்கிக் காத்துக் கிடக்க வேண்டும். ஒரு நாள் போய்விடும். ஒரு நாள் போனால் அன்றைய பீடி போயிற்று. துணைக்கு ஆள் வேறு வேண்டும். அதனால் பெண்கள் போவதில்லை. கோரிக்கையை விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். பீடி சுற்றுவதால்தான் இருமல் வருகிறது என்று ஆய்வில் தெரிந்தால் தொழிலாளர் நலத்தின் கீழ் மருத்துவமனை கட்டலாம், இல்லாவிட்டால் இல்லை என்று குழு சொல்லிவிட்டது. இடம்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள்.

ஆய்வை வகுத்தவன் நான். சீட்டுப் போட்டு வீடுகளைத் தேர்ந்தெடுத்தேன். பீடி வேலையே இல்லாத வீடுகளும் அதில் விழுந்தன. ஒவ்வொரு வீட்டிலும் வயது வந்த பெண்கள் எல்லோரும் சேர்த்தி. ஒவ்வொருத்திக்கும் இரண்டு விவரம் முக்கியம். ஒன்று இருமல்: இல்லை, எப்போதாவது, விடாமல் என்று மூன்று வகை. மற்றது பீடி சுற்றுகிறாளா: ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் சைபர்.

இந்த இரண்டாவது விவரத்தை எப்படி எடுப்பது என்பதில்தான் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். வாயால் கேட்டால் மருத்துவமனைக்காக ஆளாளுக்கு 'நானும் சுற்றுகிறேன்' என்பார்கள் என்று எனக்குச் சந்தேகம். பீடிக் கம்பெனி ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பாஸ்புத்தகம் கொடுத்திருக்கும். இலையும் தூளும் வாங்கிப்போய் பீடியாகக் கொண்டுவந்து போடுவதற்கு அந்தப் புத்தகம்தான் அத்தாட்சி. ஆகவே ஒரே விதி: பாஸ்புத்தகத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும். அதில் பேர் இருந்தால் ஒன்று, பேர் இல்லாவிட்டால் சைபர்.

வீடுகளுக்குப் போக எட்டுப் பெண்களை எடுத்திருந்தோம். பயிற்சி நாளில் இந்த விதியைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். சபியா என்ற பெண் எழுந்து நின்றாள். மேலப்பாளையத்துப் பெண், பள்ளி இறுதி வரை படித்தவள், எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"சார், புக்குல ஒருத்தி பேருதான் இருக்கும். ஆனா வீட்டுல..."

"ஆனா கீனால்லாம் வேண்டாம்மா" என்றேன். "பேரு இருந்தா ஒண்ணு. இல்லாட்டா சைபர். ஒன் அபிப்பிராயத்தை எழுத ஃபார்ம்ல எடம் கெடையாது."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சபியா உட்கார்ந்துவிட்டாள். அந்த ஒரு வாக்கியத்தை அவளை முடிக்க விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

ஆய்வு ஒழுங்காக நடந்தது. ஒழுங்கு என்றால் அப்படியொரு ஒழுங்கு. பத்து வீட்டுக்கு ஒரு வீடு நானே போய் மறுபரிசோதனை செய்வேன். வாசலில் நின்று, "பாஸ்புத்தகம் பாக்கணும்மா" என்பேன். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை புத்தகத்தை நீட்டும். பேரைப் படிவத்தோடு ஒத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்கு நடப்பேன். அந்நிய ஆண் அந்த வீடுகளுக்குள் போக முடியாது, நான் போக விரும்பவும் இல்லை. மறுபரிசோதனையில் ஒரு வீடுகூடப் பிசகவில்லை. டாக்டர் படிவங்களை உருவி உருவிப் பார்த்தார். ஓர் இடத்தில்கூட அடித்தல் இல்லை. "நல்லா வந்திருக்கு வே" என்றார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்க நான் எத்தனையோ வருடம் காத்திருந்தேன்.

இனிக் கணக்கு. மாணவர்கள் படிப்பதாக இருந்தால் இந்த இடத்தைப் பையப் படிக்கட்டும்.

முதலில் எல்லாப் பெண்களையும் ஒரே குவியலாகப் போட்டு, சுற்றுகிறவர்களையும் சுற்றாதவர்களையும் ஒப்பிட்டேன். சுற்றுகிறவர்களிடம் இருமல் தெளிவாகக் கூடுதல். ஆனால் அந்தக் கணக்கை அப்படியே நம்பக் கூடாது என்பது பாலபாடம். ஒரே வீட்டில் இருக்கிற நான்கு பெண்கள் நான்கு தனித்தனி ஆட்கள் அல்ல. ஒரே அடுப்புப் புகை, ஒரே அறை, ஒரே சாப்பாடு. ஒருத்திக்கு இருமல் என்றால் மற்றவளுக்கும் இருக்க வாய்ப்பு அதிகம். நான்கு பேரைத் தனித்தனியே எண்ணினால் கையில் இருப்பதைவிட அதிக ஆதாரம் இருப்பதாக நாமே நம்மை ஏமாற்றிக்கொள்கிறோம். இப்படி வீட்டு வாரியாகக் கட்டுண்டு வரும் தரவைத்தான் கொத்துத் தரவு என்கிறோம்.

இதற்கு அப்போது வெளிநாடுகளில் புதிய முறைகள் வந்துகொண்டிருந்தன. ஒரு வீட்டுக்குள் ஒற்றுமை எவ்வளவு என்பதைத் தரவிலிருந்தே கண்டுபிடித்து, அதற்கேற்ப ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் எடை கொடுத்து விடையை எடுப்பது. இருக்கிற தரவிலிருந்து மிகக் குறைந்த தடுமாற்றத்தோடு விடை எடுக்கும் முறைக்குத் திறன்மிக்க மதிப்பீடு என்று பேர். நண்பர் ஒருவர் அனுப்பிய பிரதிகளை வைத்துக்கொண்டு, இருமலின் மூன்று வகைகளுக்கும் பொருந்தும்படி நானே நிரல் எழுதினேன். எங்கள் கம்ப்யூட்டர் ஒவ்வொரு வீடாக எடுத்து, திணறித் திணறிக் கணித்து, எல்லா வீட்டையும் முடித்துவிட்டுத் திரும்ப முதல் வீட்டிலிருந்து தொடங்கும். விடை ஆடாமல் நிற்கும் வரை இப்படியே போக வேண்டும். நடுவில் கரண்ட் போனால் அத்தனையும் போச்சு. ஆறு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன்.

விடை நின்றது. பீடிக்கும் இருமலுக்கும் தொடர்பே இல்லை.

எப்படி என்று பார்த்தேன். எங்கள் தரவில் வீட்டு ஒற்றுமை மிக வலுவாக இருந்தது. அப்படி இருந்தால் இந்த முறை ஒரு வீட்டை இன்னொரு வீட்டோடு ஒப்பிடுவதைப் பெரிதாக மதிக்காது. ஒரே வீட்டுக்குள் சுற்றுகிறவளையும் சுற்றாதவளையும் ஒப்பிடுவதற்கே எடையைக் கொட்டும். அதில் நியாயம் உண்டு. ஒரே வயலில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உரத்தைப் போட்டுப் பார்ப்பது போல, மற்றதெல்லாம் சமமாக இருக்கும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அப்படிப் பார்த்ததில் சுற்றுகிறவளும் சுற்றாதவளும் ஒரே அளவு இருமினார்கள். ஆக, குற்றம் வீட்டின் மேல், பீடியின் மேல் இல்லை என்று முடிவு கட்டினேன். அந்த ஒற்றுமை ஏன் அத்தனை வலுவாக இருக்கிறது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

டாக்டர் அறிக்கையை வழக்கம்போல நின்றுகொண்டே படித்தார்.

"வேலாயுதம், ஒரு வார்த்தையில சொல்லும் வே. பீடியா, இல்லியா?"

"இல்ல சார். வீடுதான். அடுப்புப் புகை, நெருக்கம், காத்தோட்டம் இல்லாதது."

"மொதல்ல சாதாரணமாப் போட்டப்ப வேற மாதிரி வந்துதுல்லா?"

"வந்துது சார். அது வீட்டைக் கணக்குல எடுக்காத விடை."

"ரெண்டு முறைக்கும் ரெண்டு விடை வருது. ஏன்னு பாத்தீரா?"

"பாத்தேன் சார். இந்தத் தரவுலேருந்து இதைவிடக் கூர்மையா ஒரு விடை எடுக்க முடியாது" என்றேன்.

அவர் கேட்டது சரியான கேள்வி. நான் சொன்னது அதற்குப் பதிலே அல்ல. பச்சைப் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டார். "நீரு சொன்னாச் சரி" என்று கையெழுத்துப் போட்டார். மூன்று மாதத்தில் குழு தன் பரிந்துரையைக் கொடுத்தது. மருத்துவமனை தேவையில்லை, வீடுகளில் புகைபோக்கி வைப்பது பற்றி மக்களுக்கு எடுத்துச் சொல்லலாம் என்று இருந்தது. அதற்கு ஆதாரமாக எங்கள் அறிக்கையைக் குறிப்பிட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தை நான் பிரதி எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அடுத்த ஆண்டு ஒரு நாள் முற்பகலில் சபியா தன் அக்காளைக் கூட்டிக்கொண்டு நிலையத்துக்கு வந்தாள். அக்காள் பேர் மைமூன். முப்பது வயதுக்கு மேல் இராது. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு இருமினாள்.

"சார், ராத்தாவுக்குச் சளியில ரத்தமா வருது" என்றாள் சபியா. ராத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்காள்; உம்மா அம்மா, வாப்பா அப்பா. "ஆஸ்பத்திரியில யாருக்காச்சும் ஒரு லெட்டர் தந்தியன்னா ஒடனே பாப்பாங்க."

தருகிறேன் என்றேன். இவர்கள் வீடும் எங்கள் ஆய்வில் இருந்தது நினைவுக்கு வந்தது. முன்பிருந்தே இருமல் உண்டா என்று கடிதத்தில் எழுதினால் நல்லதென்று படிவத்தை எடுத்தேன். கணக்கெடுக்கும் பெண்கள் தங்கள் வீட்டுப் படிவத்தைத் தாங்களே நிரப்பக் கூடாது என்று இன்னொருத்தியை அனுப்பி நிரப்பிய படிவம். மூன்று பெண்கள். உம்மா: ஒன்று, இருமல் இல்லை. மைமூன்: சைபர், விடாத இருமல். சபியா: சைபர், எப்போதாவது.

"பரவால்ல, ஒங்க ராத்தா பீடி சுத்துத ஆளு இல்ல போல" என்றேன், ஏதோ ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

மைமூன் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, அது அடங்கச் சற்று நேரமாயிற்று. "எங்க வீட்டுல பீடியே சுத்திப் பாக்காத ஆளு எங்க வாப்பா மட்டுந்தான் சார்" என்றாள். "எட்டு வயசுலேருந்து சுத்துதேன். உம்மாவுக்குக் கண்ணு மங்கி நாலு வருசமாச்சு. அவுங்க இப்பம் பீடித் தட்டைத் தொடுததே இல்ல."

"அப்ப புக்கு?"

"புக்கு உம்மா பேருலதான். பேரை மாத்தக் கேட்டா கம்பெனியில புக்கையே வெட்டிட்டாங்கன்னா என்ன செய்ய? எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் இப்படித்தான். புக்கு ஒண்ணு, தட்டு நாலு."

நான் சபியாவைப் பார்த்தேன். "நீ ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். என் வாழ்நாளில் நான் கேட்ட கேள்விகளில் இதுபோல் வெட்கக்கேடானது வேறில்லை.

"சொன்னேன் சார்" என்றாள். "மொத நாளே சொன்னேன்."

குரலில் கோபம்கூட இல்லை. கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

ஒவ்வொன்றாக விளங்கியது. புத்தகம் இருந்த வீட்டில் பெண்கள் எல்லோரும் சுற்றினார்கள். அதனால்தான் ஒரு வீட்டில் எல்லோரும் ஒன்றுபோல இருமினார்கள். அவர்களில் ஒருத்தியை மட்டும் நான் சுற்றுகிறவள் என்று குறித்துவிட்டு, மற்றவர்களைச் சுற்றாதவர்கள் என்று பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டிருக்கிறேன். சுற்றுகிறவளையும் சுற்றுகிறவளையும் ஒப்பிட்டால் வித்தியாசம் எங்கிருந்து வரும்? என் தரவில் பொய்யான இடம் ஒன்றே ஒன்றுதான், அது வீட்டுக்குள் செய்த ஒப்பீடு. நான் கொண்டுவந்த முறை தேடிப்போய் அந்த இடத்திலேயே எடையைக் கொட்டியிருக்கிறது. ஒன்றும் தெரியாத ஓர் ஆள் புத்தகமே இல்லாத வீடுகளையும் சேர்த்து எல்லோரையும் குவியலாகப் போட்டுக் கூட்டிக் கழித்திருந்தால் உண்மைக்குப் பக்கத்தில் போயிருப்பான். எனக்குத் தெரிந்திருந்ததால்தான் கெட்டது.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, நான் பார்த்து முதல்முறையாக அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எழுத்துல எங்கனயாவது இருக்கா வே, யார் யார் சுத்துதான்னு?"

"இல்ல சார். நாமதான் கேக்கலியே."

"கமிட்டிக்குக் கடுதாசி போடுதேன். எத்தனை வீட்டுல தப்புன்னு திருப்பிக் கேப்பான். என்னத்தைச் சொல்ல?"

"தெரியாது சார்."

"தெரியாதுன்னு எழுதுனா அதுக்கு அவன் என்ன செய்வான்?" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கடிதம் போட்டார். குழு தன் வேலையை முடித்துக் கலைந்துவிட்டது என்று பதில் வந்தது. அதன் பிறகு அவர் என் அறிக்கைகளில் எந்தச் சொல்லையும் அடிக்கவில்லை. படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. சபியாவைக் கூட்டிக்கொண்டு பழைய வீடுகளுக்குத் திரும்பப் போனேன். "புக்குல பேரு இல்லாட்டாலும் வேற யாரு சுத்துதான்னு மட்டும் சொல்லுங்கம்மா, யாருகிட்டயும் போவாது" என்று வாசலில் நின்று கெஞ்சினேன். திரைக்குப் பின்னாலிருந்து ஒரே பதில்தான் வந்தது: "எங்க வீட்டுல உம்மா மட்டுந்தான்." புத்தகத்தை நீட்டினார்கள். உள்ளே ஒரே நேரத்தில் மூன்று நான்கு கத்தரிகள் இலை வெட்டும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மறுபரிசோதனைக்கு நான் வந்த நாட்களிலும் கேட்டிருக்கத்தான் வேண்டும். அவர்கள் மேல் தப்பில்லை. முன்பு பேர் கேட்டு எழுதிக்கொண்டு போன என்னால் வரவிருந்த மருத்துவமனையே போயிற்று என்று அவர்களுக்குத் தெரியும். இருபது வீட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

மைமூனை ஆஸ்பத்திரியில் நன்றாகத்தான் பார்த்தார்கள். ஆனால் இரண்டு பக்க நெஞ்சும் முற்றிப் போயிருந்தது. ஒரு வருடம் முன்னால் ஒரு படம் எடுத்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் ஆரம்பித்து, சபியாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாராம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம் மைமூன் மவுத்தானாள். அடக்கத்துக்கு நான் போயிருந்தேன். வெளியே ஆண்களோடு நின்றேன். அவள் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ நஸீபு அவ்வளவுதான் சார், நீங்க லெட்டர்லாம் குடுத்து ஒதவுனிய" என்றார். ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அதைக் குடிக்காமல் திண்ணையில் வைத்துவிட்டு வந்தேன்.

அவளுக்கு வந்த நோய்க்குப் பீடித் தூள்தான் காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. தனியொருத்தியைப் பற்றி எங்கள் துறை எதுவும் சொல்லாது. அந்தச் சந்தில் நான் ஒளிந்துகொள்ளலாம். சில காலம் ஒளிந்தும் பார்த்தேன். ஆனால் ஊருக்குள் படம் எடுக்கும் இடம் ஒன்று இருந்திருந்தால் மைமூன் இலை வாங்கப் போகிற வழியில் எட்டிப் பார்த்திருப்பாள். அது இல்லாமல் போனதற்கு யார் காரணம் என்று எனக்குத் தெரியும். அவளைப் போல இன்னும் எத்தனை பேர் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை. எண்ணுவதுதான் என் தொழில், இருந்தும் அதை எண்ண எனக்குத் துணிச்சல் வரவில்லை.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் ஓய்வு பெற்றேன். டாக்டர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். விடைபெறும் நாளன்று மாலையெல்லாம் போட்டு முடித்து, எல்லோரும் காப்பி குடிக்கப் போன பிறகு சபியா என் அறைக்கு வந்தாள். இத்தனை வருடமும் எங்களிடமே வேலை பார்த்தவள். அந்தப் பேச்சை ஒரு நாளும் அவள் எடுத்ததில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடாதீங்க."

"கேளும்மா."

"ராத்தா பேருக்கு நேர இன்னும் சைபர்தான் இருக்கா?"

"ஆமா."

"அதை ஒண்ணாக்கிருங்க சார். உம்மாவை சைபராக்கிருங்க. நானும் கல்யாணம் ஆவுத வரைக்கும் வீட்டுல சுத்துனவதான், என்னையும் ஒண்ணாக்குங்க. மத்த வீட்டுக்கு நான் சாட்சி சொல்ல முடியாது. எங்க வீட்டுக்குச் சொல்லலாம்லா?"

சொல்லலாம் என்றேன். பழைய தரவைப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தேன். அவள் பக்கத்தில் நிற்க, அந்த வீட்டைத் தேடி எடுத்து மூன்று எண்களையும் மாற்றினேன்.

"இப்பம் கணக்கைப் போடுங்க சார்" என்றாள்.

போட்டேன். முன்பு ஆறு வாரம் என் உயிரை எடுத்த அதே நிரல் நாலு நொடியில் முடிந்தது.

"மாறிட்டா சார்?"

"மாறிட்டும்மா" என்றேன். மாறித்தான் இருந்தது, மூன்றாவது தசம இடத்தில் மட்டும்.

அந்தத் தாளைத் தனக்குத் தர முடியுமா என்று கேட்டாள். உம்மாவிடம் காட்ட வேண்டுமாம். அச்செடுத்துக் கொடுத்தேன். எண்களும் ஆங்கிலமுமாக இருந்த அதை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நாலாக மடித்து, கைப்பைக்குள் குர்ஆன் வசனம் எழுதிய சிறு உறை இருந்த பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "அல்லா ஒங்களுக்கு நல்ல ஹயாத்தைத் தரட்டும் சார்" என்று என் ஆயுளுக்கு வாழ்த்திவிட்டுப் போனாள். பீடி சுற்றுவதற்கும் இருமலுக்கும் தொடர்பில்லை என்றுதான் அந்தத் தாளின் கடைசி வரியில் இருந்தது.